குளிசையும் அவநம்பிக்கையும்: உளமருத்துவம், சமூகம், தமிழ்ப் புனைவு

பித்து எனும் பொருள் தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. இறைவனையே பித்தன் என விளித்த பக்தி மரபும், தம் புனைபெயரிலேயே அச்சொல்லைச் சூடிக்கொண்ட சொ. விருத்தாசலமும் நம் நினைவுக்கு வருவர். ஆயின் இவ்விடங்களிலெல்லாம் பித்து ஒரு படிமமேயன்றி நோயன்று. பித்தன் உலகியலைக் கடந்தவன், அல்லது உலகியலின் பொய்மையைக் கண்டு சிரிப்பவன். அவன் இரவில் உறங்குகிறானா, அவனைப் பார்ப்பவர் யார், அவனுக்குக் கொடுக்கப்படும் மருந்து என்ன என்பன போன்ற வினாக்கள் அப்படிமத்தினுள் எழுவதில்லை. நோயாளி உட்கொள்ளும் குளிசை தமிழ்ப் புனைவில் மிக அரிதாகவே இடம்பெறுகிறது. இந்த இன்மை தற்செயலானதன்று என்பதும், உளமருத்துவத்தின்பால் நம் மக்கள் கொண்டுள்ள அவநம்பிக்கையோடு அது தொடர்புடையது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

அவநம்பிக்கை என்றதும் அறியாமை, மூடநம்பிக்கை என்னும் இரு சொற்களால் அதனை விளக்கி முடித்துவிடும் வழக்கம் கற்றோரிடையே உண்டு. முற்போக்காளரும் இவ்வழக்கத்துக்கு விலக்கல்லர். இவ்விளக்கம் எத்துணைப் போதாதது என்பதை இணுவிலை முன்வைத்தே காட்டலாம். செகராசசேகரப் பிள்ளையார், கந்தசுவாமி கோயில்களைச் சுற்றி அமைந்த பழைய சைவக் கிராமம் அது. அக்கிராமத்திலேதான் 1898ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் பெண்களுக்கான மக்லியோட் வைத்தியசாலையைத் திறந்தனர். மதமாற்றம் மிஷனின் நோக்கங்களுள் ஒன்று என்பதை ஊரார் அறியாதவரல்லர். எனினும் வலிகாமத்துப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்கு அங்கு சென்றனர். தலைமுறை தலைமுறையாகச் சென்றனர். மேலைமருத்துவம் என்பதற்காகவே மக்கள் அதனை வெறுத்தனர் என்பது உண்மையாயின் இது நிகழ்ந்திராது. பிள்ளைப்பேற்று மனைக்குச் சென்றவள் சில நாளில் குழந்தையோடு வீடு திரும்பினாள். மருத்துவத்தின் பயன் கண்முன்னே, கையிலே இருந்தது.

உளநோயாளிக்கு வாய்த்ததோ வேறு. 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் பைத்தியத்தை நீதிமன்றத்தோடும் காவலோடும் பிணைத்தது. பல தசாப்தங்களாக இலங்கையின் உளநோய்ச் சட்டத்துக்கு அதுவே அடித்தளமாயிருந்தது. கடும் நோயாளி ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள அங்கொடைக்கு அனுப்பப்பட்டான். மொழி அறியாத இடம். உறவினர் போய்ப் பார்த்தற்கரிய தூரம். போனவருட் பலர் மீளவில்லை. அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் வசைச்சொல்லாயிற்று. ஒரு மருத்துவ நிலையத்தின் பெயர் வசையாகும்போது அதனை மக்களின் அறியாமை என்று கூறுவதைக் காட்டிலும், அந்நிலையத்தின் வரலாற்றை மக்கள் சுருக்கி எழுதிய குறிப்பு என்று கொள்வதே பொருந்தும்.

இங்கு பிரான்ஸ் ஃபனனை நினைத்தல் தகும். 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளீடா மருத்துவமனையில் உளமருத்துவராகப் பணியாற்றிய அவர், 1959இல் வெளியான நூலொன்றில் மருத்துவமும் காலனித்துவமும் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். குடியேற்ற ஆட்சியின் மருத்துவரிடம் அல்ஜீரியன் மறைத்துப் பேசுவதையும், மருந்தைப் பாதியில் நிறுத்துவதையும், மறுமுறை வராது விடுவதையும் அவர் பிடிவாதமாகக் கருதவில்லை. மருத்துவர் எந்த அதிகாரத்தின் பக்கம் நிற்கிறார் என்பதை நோயாளி அறிந்திருந்தமையின் விளைவாகவே அவற்றை விளக்கினார். போராட்டம் வளர்ந்து மருத்துவம் மக்களின் கைக்கு வந்தபோது அதே மக்கள் அதே மருந்தை ஏற்றனர் என்பதும் அவருடைய முக்கியமான அவதானமாகும். ஃபனனை மேற்கோள் காட்டும் நம்மவர் பலர் வன்முறை பற்றிய அதிகாரத்தோடு நின்றுவிடுகின்றனர். அவருடைய தொழில் என்னவென்பதையே மறந்துவிட்டனரோ என ஐயுற வேண்டியுள்ளது.

இனி, அவநம்பிக்கையின் குறிப்பானதொரு வடிவத்தை நோக்குவோம். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்து சிலரிடத்துச் சோர்வை நீக்குவதோடு நில்லாது, அவரை நேர்மாறான நிலைக்குத் தள்ளிவிடுகிறது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ உறக்கம் குறைகிறது, குறைந்தும் களைப்பில்லை. பேச்சு பெருகுகிறது. கையிலிருக்கும் பணம் கரைகிறது, பெருந்திட்டங்கள் பிறக்கின்றன, தடுப்பவர்மீது சினம் மூளுகிறது. மூலையில் முடங்கிக் கிடந்த பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச்சென்ற தாயின் நிலையில் நின்று இதனைக் காண வேண்டும். சோகமாக இருந்த பிள்ளையைக் குளிசை விசராக்கிவிட்டது என்றே அவள் கூறுவாள். அவள் கூற்றில் மூடநம்பிக்கை எங்கேயுள்ளது? கண்டதை முன்பின் ஒழுங்கில் வைத்துப் பேசுகிறாள், அவ்வளவே. அடுத்து அவள் குளிசையை நிறுத்துவாள், கோயிலில் நூல் கட்டுவிப்பாள், அயலாருக்கும் சொல்லுவாள். ஒரு குடும்பத்தின் அனுபவம் ஒரு குறிச்சியின் நியாயமாகிவிடும்.

இவ்விளைவு அண்மையில் கண்டறியப்பட்டதுமன்று. இம்மருந்துகள் பிறந்தபோதே உடன்பிறந்தது. 1952இல் நியூயோர்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளருக்கு இப்ரோனியாசிட் கொடுக்கப்பட்டபோது அவர்களுட் சிலர் இயல்புக்கு மீறிய உற்சாகம் கொண்டனர்; சோர்வுக்கு மருந்துண்டு என்ற எண்ணத்துக்கு அது வழிகோலியது. சுவிற்சர்லாந்தின் மூன்ஸ்ரர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன், கைகி நிறுவனம் அனுப்பிய இமிப்ரமினை முதலில் உளப்பிளவு நோயாளரிடமே பரிசோதித்தார். அவர்களுட் சிலர் அமைதியடைவதற்குப் பதிலாகக் கிளர்ச்சியுற்றனர். அதன் பின்னரே அம்மருந்து சோர்வுற்றோருக்குக் கொடுக்கப்பட்டது. 1957இல் அவருடைய அறிக்கை வெளியாயிற்று. ஆகவே கிளர்ச்சியூட்டும் ஆற்றல் மருந்தின் ஓரத்தில் ஒட்டிய மாசன்று, அதன் வரலாற்றின் முதற் பக்கத்திலேயே உள்ளது. இமிப்ரமின், அமிற்றிப்ரிலின் ஆகியவற்றை உள்ளடக்கிய பழைய வகையில் இவ்வபாயம் கூடுதல் என்றும், புளுஒக்சற்றின் முதலிய பின்வந்தவற்றில் ஒப்பளவிற் குறைவு என்றும் ஆய்வாளர் கூறுவர்.

மருந்து நோயை விளைவித்ததா, அன்றி உள்ளே உறங்கிய நோயை வெளிப்படுத்தியதா என்பது உளமருத்துவத்தில் நெடுநாள் வழக்கு. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டு நோய்வகைப்பாடு, மருந்தால் எழுந்த பித்தெழுச்சியை இருமுனை நோய்க்குச் சான்றாகக் கொள்ளவில்லை. 2013ஆம் ஆண்டின் வகைப்பாடோ, மருந்தின் உடலியல் விளைவு நீங்கிய பின்னும் எழுச்சி தொடருமாயின் அதனைச் சான்றாகக் கொள்ளலாம் என்றது. நோயறிதல் என்ற அளவில் இம்மாற்றத்துக்குத் தக்க நியாயமுண்டு. இருமுனை நோயாளர் பலருக்கு முதலில் வருவது சோர்வே. பல ஆண்டுகள் கழித்தே நோயின் மறுமுனை தெரியவருகிறது. ஆயினும் சமூக நோக்கில் ஒன்று நிகழ்ந்துவிடுகிறது: நேற்று மருந்தின் கணக்கில் இருந்த பற்று இன்று நோயாளியின் கணக்குக்கு மாற்றப்படுகிறது. கணக்கு மாற்றப்பட்டதை நோயாளிக்குச் சொல்லுவார் இல்லை.

முரண்பாடு பற்றி 1937இல் மா ஓ எழுதியதை இங்கு கருத்திற் கொள்ளலாம். புறக்காரணி மாற்றத்துக்கு நிபந்தனை, அகக்காரணி அதற்கு அடிப்படை என்பதற்கு அவர் முட்டையையும் கல்லையும் உவமை காட்டினார். தக்க வெப்பம் முட்டையைக் குஞ்சாக்கும், கல்லைக் குஞ்சாக்காது. குளிசை எல்லோரையும் பித்தெழுச்சிக்கு உள்ளாக்குவதில்லை என்பதற்கு இவ்வுவமை பொருந்தும். ஆனால் உவமையைப் பாதியில் விட்டுவிடலாகாது. சூடேற்றுமுன் தம் கையிலிருப்பது முட்டையா கல்லா என்று கேட்டறிவது சூடேற்றுபவரின் பொறுப்பன்றோ? சுவீடனில் நோயாளர் பதிவேடுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு இப்பொறுப்பைத் தெளிவாக்குகிறது. இருமுனை நோயாளருக்குச் சோர்வுநீக்கி மருந்தைத் தனியே கொடுத்தபோது பித்தெழுச்சியின் அபாயம் கூடியது. மனநிலையைச் சமன்செய்யும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது தொடக்க மாதங்களில் அவ்வாறு கூடவில்லை. சமன்செய்யும் மருந்துகளுள் முதன்மையான லிதியத்தின் பயனை ஒஸ்திரேலியாவின் ஜோன் கேட் அறிவித்தது 1949இல். அறிவு இருந்தது. அதனை நோயாளியின் வாழ்க்கையோடு இணைக்கும் உரையாடலே இல்லாதிருந்தது.

அவ்வுரையாடல் ஏன் நிகழ்வதில்லை? கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் ஒரு காரணம். ஆனால் மொழியியல் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு; இவ்வாய்விதழின் வாசகருக்கு அது கூடுதலாக உரியது. யாழ்ப்பாணத்து நோயாளி தமக்கு மனச்சோர்வு என்று கூறுவதில்லை. யோசனை கூடிவிட்டது என்பார். நெஞ்சு பதகளிக்கிறது என்பார். பெருமூச்சு வருகிறது என்பார். சோர்வின் பக்கத்துக்கு இவ்வாறு வளமான சொற்றொகுதி உண்டு. மறுமுனைக்கோ இரண்டே சொற்கள் உள்ளன. கடுமையாயின் விசர். கடுமையல்லாத நிலைக்குத் துடியாட்டம். துடியாட்டமான பிள்ளை என்பது நம்மிடத்துப் பாராட்டு. நான்கு மணிக்கெழுந்து மூவர் வேலையை ஒருவராகச் செய்து, கோயில் திருவிழாவையும் சனசமூக நிலையத்தையும் தூக்கி நிறுத்தி, இரண்டு மாதம் கழித்துப் படுக்கையில் வீழும் இளைஞனின் முற்பகுதியை எந்தத் தாயும் நோய்க்குறியாக மருத்துவரிடம் சொல்லமாட்டாள். மருத்துவரும் பாடநூற்சொல்லை வைத்துக் கேட்பாரேயன்றித் துடியாட்டம் பற்றிக் கேட்பதில்லை. உழைப்பின் அளவைக் கொண்டே மனிதனை மதிக்கும் சமூகத்தில் அளவிறந்த உழைப்பு நோயாகத் தோன்றாது என்பதையும் சேர்த்து நோக்குக.

மருத்துவம் தமிழில் பேசியிராத துறையுமன்று. இணுவிலுக்கு அண்மையிலுள்ள மானிப்பாயிலேதான் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ்மூலம் மருத்துவம் கற்பித்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலாய நூல்களைத் தமிழிலே தந்தார். அவர் இலங்கையை விட்டுச் சென்றது 1873இல். பைத்தியக்காரரைக் காவலிலிடும் சட்டம் இயற்றப்பட்டதும் அவ்வாண்டிலேயே. இவ்வொற்றுமையிற் காரணகாரியத் தொடர்பு ஏதுமில்லை. எனினும் ஒரு வழி அடைபட்டதையும் மற்றொரு வழி திறந்ததையும் அவ்வாண்டு நினைவூட்டுகிறது. கொழும்பில் ஆங்கில மருத்துவக் கல்வி நிலைபெற்றபின் தமிழில் நோய் விளக்குவது ஒரு சலுகையாயிற்று.

மருந்தின் அரசியல் பொருளாதாரத்தை இங்கு விரித்தெழுத இடமில்லை. எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு இணைந்து சேனக்க பிபிலே வகுத்த கொள்கையின் பயனாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியதையும், வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் வாங்கும் முறைமைக்கு அவர் போராடியதையும், 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரம் அம்முயற்சியைத் தளர்த்தியதையும் சுட்டினாற் போதும். பிபிலே மருந்தின் விலையை மக்களுக்கு எட்டச்செய்ய முயன்றார். மருந்து பற்றிய அறிவை எட்டச்செய்யும் வேலை பெரும்பாலும் தொடங்கப்படாமலே கிடந்தது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். தமிழ் நவீனத்துவர் உளநோயை எழுதாமலில்லை; ஆனால் பெரும்பான்மை அதனைக் கலைஞனின் கிரீடமாக்கிவிட்டது. ‘ழ’ இதழை நடத்திய கவிஞர் ஆத்மாநாம் உளநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்; 1984இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் மரணத்தைச் சுற்றித் தொன்மம் வளர்ந்த அளவுக்கு, நோயோடு ஒருவர் எழுதுவது எத்தகைய அன்றாட உழைப்பு என்னும் வினா வளரவில்லை. கவிஞனின் பித்தைப் போற்றுவோர் அவனுடைய மருந்துச் சீட்டைப் பார்க்க விரும்புவதில்லை. முற்போக்கு முகாமோ எதிர்த்திசையில் தவறியது. உளநோய் அங்கே நடுத்தர வர்க்கத்தின் தனிமனிதப் புலம்பல் எனத் தள்ளப்பட்டது, அல்லது சமூகம் நோயுற்றிருக்கிறது என்று கூறுதற்கு உருவகமாயிற்று. பசிக்கு உருவகம் தேடாத எழுத்தாளர் பித்துக்கு மட்டும் ஏன் உருவகம் தேடினர் என்பது விளங்கவில்லை.

இந்நிலையில் கோபிகிருஷ்ணனின் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ (1986) தனித்து நிற்கிறது. உளநோயாளரின் உலகை வெளியே நின்று இரங்காது, வியக்காது, அவர்தம் பேச்சின் வழியே காட்ட முற்பட்ட நூல் அது. நீண்டகாலம் உளநோய்க்கு மருந்துட்கொண்டு வாழ்ந்த கோபிகிருஷ்ணன், வறுமையோடு 2003இல் மறைந்தார். அவருடைய எழுத்தில் மாத்திரை உண்டு. சம்பளம் போதாமை உண்டு. இரண்டும் ஒரே வாழ்க்கையின் செலவுப் பட்டியலில் வருகின்றன. வர்க்க ஆய்வு என்று அவர் பெயரிடவில்லை. பெயரிடாமலே பல மார்க்சிய எழுத்தாளரைவிட அவர் அதற்கு அண்மையிற் சென்றார் என்பது என் கணிப்பு. அவரிடத்துக் குறையுமுண்டு. சூழ்ந்திருக்கும் நிறுவனங்களின் வரலாற்றை அவர் கேட்பதில்லை; நோயாளியின் அறைக்கதவோடு அவர் பார்வை நின்றுவிடுகிறது.

கதவுக்கப்பால் இருப்பது எதுவென 2001 ஆகத்து 6ஆம் நாள் காட்டியது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த நோயாளர் உள்ளிட்ட 28 பேர் மாண்டனர். தர்காவின் அருளை நாடி அவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். நவீன மருத்துவத்தின்மீது நம்பிக்கை இழந்தோரும், அது எட்டாதோரும் ஒரே கொட்டகையில் முடிந்தனர். மரபு வழியைக் காலனித்துவ எதிர்ப்பின் பெயரால் விமர்சனமின்றிப் போற்றும் இன்றைய போக்குக்கு ஏர்வாடி தக்க விடையாகும். மருத்துவரின் சொல்லை வினவாது ஏற்க வேண்டுமென்பார்க்கும் அது விடையே.

யாழ்ப்பாணத்தில் நிலைமை மாறியே வந்துள்ளது. இணுவிலிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கே சென்றால் தெல்லிப்பழை. அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இயங்குகிறது. அங்கொடைக்கும் தெல்லிப்பழைக்கும் இடையிலுள்ள வேறுபாடு தூரம் மட்டுமன்று. பின்னையதில் தாய் உடனிருக்கலாம், தன் மொழியிற் பேசலாம். போர்க்காலத்து உளப்பாதிப்பைப் பற்றி 1998இல் நூல் எழுதிய தயா சோமசுந்தரம், மக்களின் சடங்குகளையும் துயரமொழியையும் மருத்துவ ஆவணமாகக் கருதிய முறை குறிப்பிடத்தக்கது. மருத்துவர் சிவதாஸ் போன்றோர் தமிழிலே உளநல நூல்கள் எழுதியுள்ளனர். இவற்றின் நடையைத் திறனாய்வாளர் கவனித்ததாகத் தெரியவில்லை. சோர்வுக்கான குளிசை சிலரிடத்துத் துடியாட்டத்தை அளவிறக்கச் செய்யலாம், உறக்கம் திடீரெனக் குறைந்தால் தாமாகவே நிறுத்திவிடாது உடனே மருத்துவரிடம் திரும்ப வேண்டும் என்பதை எளிய யாழ்ப்பாணத் தமிழில் இரண்டு வாக்கியமாக எழுதி, குளிசையைப் போட்டுத்தரும் கடதாசி உறையின் பின்புறத்தில் அச்சிடலாம். தமிழ்த்துறையும் மருத்துவபீடமும் ஒரே பல்கலைக்கழகத்தில்தான் உள்ளன.