தூணும் காயமும்

சாந்தோம் பேராலயத்தின் பின்பக்கம், கடலைப் பார்த்தபடி ஒரு மரத்தூண் நிற்கிறது. தோமையார் நட்டது என்பார்கள். இதைத் தாண்டிக் கடல் வராது என்று அவர் சொன்னதாக ஐதீகம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. பேராலயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘பாத்தீங்களா, தூண் காப்பாத்திடுச்சு’ என்ற பேச்சு அதன்பிறகு ஊரெல்லாம் பரவியது.

அதே காலையில், அதே கரையில், நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அங்கே மனிதர்கள் செத்துப்போனார்கள். சென்னையில் மட்டும் இறந்தவர்கள் இருநூறு பேருக்கு மேல். அப்படியென்றால் தூண் யாரைக் காப்பாற்றியது?

நாத்திகர் கேட்கிற கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் இதைக் கேட்க நாத்திகராக வேண்டிய அவசியமில்லை, பைபிளை ஒழுங்காகப் படித்தாலே போதும் என்பதுதான் என் கட்சி. தூண் கதையையும் யோவான் நற்செய்தியின் தோமாவையும் இரண்டு பிரதிகளாகப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்ப்போம்.

தூண் கதைக்கு வயது உண்டு. பெரிய மரம் ஒன்று கரையொதுங்குகிறது. ராஜா ஆட்களையும் யானைகளையும் விட்டு இழுத்தும் அது அசையவில்லை. தோமையார் தன் இடுப்புக் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். 1572இல் வெளியான கமோயன்சின் ‘லூசியாதாஸ்’ என்ற போர்த்துகீசியக் காவியத்தில்கூட இந்தக் கதை வருகிறது. இது பலத்தைப் பற்றிய கதை. எங்கள் சாமியார் உங்கள் ராஜாவைவிடப் பெரியவர், அவ்வளவுதான்.

யோவானின் தோமா வேறு ஆள். நற்செய்தியில் அவர் பேசுவது மிகக் கொஞ்சம். 11ஆம் அதிகாரத்தில், இயேசு ஆபத்தான ஊருக்குத் திரும்பக் கிளம்பும்போது, நாமும் கூடப் போய்ச் சாவோம் என்கிறார். 14இல், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்றே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்கிறார். 20இல், உயிர்த்தெழுந்தவரின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்கிறார். இந்த ஒரு இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ‘சந்தேகத் தோமா’ என்று உலகமே பெயர் வைத்துவிட்டது. சாகத் துணிந்த தோமாவை யாருக்கும் ஞாபகமில்லை.

சரி, அந்தச் சந்தேகத்தையே பார்ப்போம். இயேசு தோமாவுக்குச் சொல்லும் பதிலில் ‘சந்தேகம்’ என்ற சொல்லே கிரேக்க மூலத்தில் இல்லை. ‘அபிஸ்தோஸ்’, அதாவது நம்பிக்கை இல்லாதவன் என்ற சொல்தான் இருக்கிறது. பழைய புராட்டஸ்டண்ட் தமிழ் பைபிள் இதை ‘விசுவாசி’ என்ற சொல்லையும் அதன் எதிர்மறையையும் வைத்தே சொல்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் ‘ஐயம்’ வந்து சேர்ந்துவிட்டது. ஒரு சொல்தானே என்று விட முடியாது. ஐயம் என்பது மூளையின் வேலை, ஆதாரம் காட்டினால் தீர்ந்துவிடும். விசுவாசம் என்பது உறவு. யாரை நம்பிக் கூடப் போகிறோம் என்ற கேள்வி அது.

அதோடு, மற்ற சீடர்களுக்குக் கிடைக்காத எதையும் தோமா கேட்கவில்லை. சில வசனங்களுக்கு முன்புதான் இயேசு அவர்களுக்குத் தன் கைகளையும் விலாவையும் காட்டியிருந்தார். அன்று தோமா அங்கே இல்லை. மேலும், அவர் கேட்டது எதை என்று கவனியுங்கள். கடலை நிறுத்திக் காட்டு, மரத்தை இழுத்துக் காட்டு என்று கேட்கவில்லை. காயத்தைக் காட்டு என்றார். காயம் இல்லாத கடவுள் வந்து நின்றால் அது எங்கள் ஆள் இல்லை என்பதுதான் அந்தக் கோரிக்கையின் பொருள். இயேசுவும் கோபப்படாமல் காட்டுகிறார். உயிர்த்தெழுந்த உடம்பிலும் ஆணித் தழும்பு அழியவில்லை. கிறிஸ்தவ இறையியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இனி சுனாமிக்கு வருவோம். லூக்கா 13இல் ஒரு விபத்துச் செய்தி வருகிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் சாகிறார்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். தப்பித்தவர்களின் கணக்கு நேர் என்றும் சொல்லவில்லை. நீங்களும் மனந்திரும்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பக்கமே திருப்பிவிடுகிறார். பேரழிவை வைத்துக் கடவுளின் கணக்குப் புத்தகத்தைப் படிக்கும் வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் நாம் முடிக்கவில்லை. வேளாங்கண்ணியிலும் கோயில் தப்பியது. கிறிஸ்துமஸுக்கு வந்து கடற்கரையில் நின்ற யாத்ரிகர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அங்கேயும் ‘மாதா கோயிலைக் காப்பாற்றினாள்’ என்று சொல்லப்பட்டது. மாதாவைப் பார்க்க வந்த பிள்ளைகளை விட்டுவிட்டுக் கட்டடத்தைக் காப்பாற்றும் தாயா அவள்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அன்று உயிர் தப்பிய ஒரு அக்கா ‘ஆண்டவர்தான் என்னைக் காப்பாத்தினார்’ என்றால், அவரிடம் போய் வாதாடுவது அராஜகம். அது நன்றி. சங்கீதங்கள் முழுக்க இந்த நன்றிதான். நன்றி எப்போதும் ‘என்னை’ என்றுதான் பேசும். அது ‘எங்கள் கோயிலை’ என்று மாறி, ஊருக்குக் காட்டும் ஆதாரமாகும்போது செத்தவர்கள் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு ஏன் தூண் இல்லை என்ற கேள்விக்கு அந்த ஆதாரத்திடம் பதில் கிடையாது. பேராலயம் சற்று மேட்டில் இருக்கிறது, சீனிவாசபுரம் மணலை ஒட்டி இருக்கிறது. யார் மேட்டில் வீடு கட்ட முடிகிறது, யார் கரையில் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வியையும் அற்புதக் கதை மறைத்துவிடுகிறது.

தோமாவைப் பற்றிய மிகப் பழைய கதைகளில் ஒன்று ‘தோமாவின் பணிகள்’. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பைபிளில் சேராத நூல். அதில் தோமா இந்தியாவுக்கு வரவே மறுக்கிறார். கடைசியில் ஒரு வியாபாரிக்கு அடிமையாக விற்கப்பட்டு வந்து சேர்கிறார். கொண்டபோரஸ் என்ற ராஜா அரண்மனை கட்டப் பணம் கொடுக்கிறான். தோமா அத்தனையையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அரண்மனை பரலோகத்தில் தயார் என்கிறார். வரலாறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் தோமாவை எப்படிப்பட்ட ஆளாக நினைத்தார்கள் என்று இதில் தெரிகிறது. அவர் கையில் கட்டடத்துக்கான காசு குடிசைகளுக்குப் போகிறது.

இன்றைய பேராலயக் கட்டடம் 1896இல் முடிந்தது. அழகான கட்டடம், நிற்கட்டும். தூணும் நிற்கட்டும், அதைப் பிடுங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தோமாவின் பெயரால் கும்பிடுகிறவர்கள் தோமா கேட்டதையும் கேட்டுப் பார்க்கலாம்: காயம் எங்கே இருக்கிறது? 2004இல் அது கோயிலுக்குத் தெற்கே, கொஞ்ச தூரத்தில் இருந்தது.