வீட்டுக்கு எதுக்குங்க கிளஸ்டர்?

ரெண்டு பழைய கம்ப்யூட்டர், நாலு டிஸ்க் சும்மா கிடந்தா நம்மாட்களுக்குக் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. ரெண்டு மெஷினிலும் குளஸ்டர் போட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் ரெண்டு பிரதி இருக்கும்படி வைத்தேன். வால்யூம் உருவாக்கும்போதே அது எச்சரித்தது: ரெண்டு பிரதி மட்டும் வைத்தால் ஸ்ப்ளிட் பிரெய்ன் வரலாம் என்று. படிக்காமல் 'ஒய்' தட்டினேன்.

ஒருநாள் நடுவிலிருந்த சுவிட்ச் நின்றுபோச்சு. மற்றவன் செத்துட்டான் என்று நினைத்து, ரெண்டு மெஷினும் ஒரே கணக்குக் கோப்பில் தனித்தனியாக எழுதின. இணைப்பு திரும்பியபின் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மூணாவது ஆள் இல்லை. கோப்பே திறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அப்போ செஃப் போடுங்க என்பார்கள். (சமையல்காரர் இல்லை, ஆக்டோபஸ் வகையைக் குறிக்கும் செபலோபாட் என்பதன் சுருக்கம்.) 2006-இல் சேஜ் வைல் குழு எழுதிய கட்டுரை அருமையானது. தரவு எந்த டிஸ்க்கில் இருக்கு என்று பட்டியலில் தேட வேண்டாம். கிரஷ் என்ற கணக்கைப் போட்டால் யாரும் கண்டுபிடிக்கலாம். ஆயிரக்கணக்கான டிஸ்க் உள்ள இடத்தில் அது பெரிய விடுதலை. நாலு டிஸ்க்குக்குப் பட்டியலே தேவையில்லையே! அதற்கு நாம் கொடுக்கும் விலையோ அதிகம். பெரும்பான்மை ஓட்டுக்காகக் குறைந்தது மூணு மானிட்டர் வேணும். டிஸ்க் ஒன்றுக்கு இயல்பாக 4 ஜிபி நினைவகத்தை இலக்காக வைக்கும். பிரதிகள் எல்லாம் எழுதி முடிந்தபின்தான் 'ஆச்சு' என்று பதில் வரும். வீட்டு கிகாபிட் கம்பியில் நொடிக்கு 125 எம்பிக்கு மேல் போகாது. பிரதிகளும் அதே கம்பியில்தான் போகணும்.

2003-இல் வந்த கூகுள் ஃபைல் சிஸ்டம் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. உறுப்புகள் பழுதாவது சகஜம், கோப்புகள் பிரம்மாண்டமானவை, பெரும்பாலும் கடைசியில் சேர்த்துத்தான் எழுதுவோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். 64 எம்பி துண்டு அதிலிருந்து வந்ததுதான். 'பத்து நிமிடத்தில் கிளஸ்டர்' வகைக் குறிப்புகள் இந்தப் பகுதியைத்தான் விழுங்கிவிடுகின்றன. இன்னொன்றையும் சொல்வதில்லை: படக் கோப்புறையைத் தவறி அழித்தால் மூணு பிரதியும் சேர்ந்தே அழியும். பிரதி வேறு, பேக்கப் வேறு.

இப்போ ஒரே மெஷின், இசட்எஃப்எஸ் மிரர், வீட்டுக்குள் என்எஃப்எஸ். மணிக்கொரு ஸ்னாப்ஷாட். ராத்திரி ரெண்டாவது மெஷின் எழுந்து, அன்றைய மாற்றத்தை வாங்கிக்கொண்டு தூங்கிவிடும். முதல் மெஷின் மொத்தமாகப் போனால் ஒருநாள் வேலை போகும். அதுக்கு நான் தயார்.