சந்தா கட்டும் முன் பதிவேட்டின் பெயரைத் தேடுங்கள்

குடும்ப வரலாறு தேடித் தரும் தளங்களின் முகப்பில் பெரிய எண்கள் கண்ணைப் பறிக்கும். இத்தனை நூறு கோடிப் பதிவுகள், இத்தனை நாடுகள் என்று விளம்பரம் போகும். அந்த எண்ணை நம்பிச் சந்தா கட்டினால் பெரும்பாலும் பணம்தான் வீண். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறியதோ, அந்தப் பதிவேடு அந்தத் தளத்தில் இருக்கிறதா? கேட்க வேண்டியது இது ஒன்றுதான். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட், மைஹெரிடேஜ் என்ற மூன்று கட்டணத் தளங்களையும், காசே வாங்காத ஃபேமிலிசர்ச்சையும் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் பயன்படுத்திப் பார்த்தேன்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது, சென்னையில் இருக்கும் ஒரு நண்பரின் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் இரண்டு தலைமுறை வேலை பார்த்தவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பாதிப் பேர் இங்கிலாந்துக்கும், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். கையில் இருந்தவை ஒரு கல்யாணப் புகைப்படமும், முதல் பக்கத்தில் நாலைந்து பெயர்களும் பிறந்த தேதிகளும் எழுதிய ஒரு ஜெபப் புத்தகமும். இந்தியாவில் இருந்த குடும்பங்களில், கட்டணத் தளங்களால் உண்மையாகவே பயன்பெறக்கூடியவை இப்படிப்பட்ட குடும்பங்கள்தான்.

காரணம், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே பாதிரியார்கள் செய்துவைத்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு வந்தன. சென்னை மாகாணத்துக்கான நகல் தொகுப்பு 1698 முதல் 1948 வரை நீள்கிறது. வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் தனித் தொகுப்புகள் உண்டு. இவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து 2014-இல் இணையத்தில் ஏற்றிய தளம் ஃபைண்ட்மைபாஸ்ட். உயில்களும் ஓய்வூதியப் பதிவுகளும் அதே தொகுப்பில் வருகின்றன. ஆகவே எங்கள் விஷயத்தில் எந்தச் சந்தா என்ற கேள்விக்கு, தளத்தைத் திறக்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது.

ஆனால் அங்கே நேராகப் போய்ப் பணம் கட்டவில்லை. முதலில் ஃபேமிலிசர்ச். பிந்தைய நாள் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை என்ற அமெரிக்கச் சபை நடத்தும் தளம் இது. அந்தச் சபையினர் 1894-இலேயே வம்சாவளிச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, 1938 முதல் உலகமெங்கும் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் எடுத்தார்கள். 24 லட்சம் சுருள்களையும் டிஜிட்டலாக்கும் வேலை 2021-இல் முடிந்தது. இந்தியாவில் நடந்த ஞானஸ்நானங்கள், திருமணங்கள், இறப்புகள் என்று தனித்தனி அட்டவணைகள் அதில் இலவசமாகவே தேடக் கிடைக்கின்றன. சென்னைப் பேராயத்தின் புராட்டஸ்டண்ட் பதிவேடுகள் 1743-லிருந்து தொடங்கும் தொகுப்பாக இருக்கின்றன. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஜெபப் புத்தகத்தில் இருந்த ஒரு பெயரையும் ஆண்டையும் போட்டதும் பிள்ளையின் பெயர், தாய் தந்தை பெயர், ஞானஸ்நானத் தேதி, ஊர் எல்லாம் அட்டவணை வரியாக வந்து நின்றன. மூலப் பக்கத்தின் படம் இல்லை. சில தொகுப்புகளில் காமிரா அடையாளத்தின் மேல் சாவி தெரியும். அந்தப் படங்களை அவர்களுடைய மையத்திலோ இணைந்த நூலகத்திலோ உட்கார்ந்துதான் பார்க்க முடியும். இருந்தாலும் தேடிய ஆள் இருக்கிறார் என்பது உறுதியாகிவிட்டது. இந்த உறுதி கிடைத்த பிறகு கட்டும் ஒரு மாதச் சந்தா, குருட்டாம்போக்கில் கட்டும் ஆண்டுச் சந்தாவைவிட எத்தனையோ மடங்கு பயன் தரும்.

ஃபைண்ட்மைபாஸ்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே ஒரு தொகுப்புக்குள் மட்டும் தேட முடிவது. பதிவுத் தொகுப்புகளின் அகரவரிசைப் பட்டியல் பணம் கட்டாமலே திறக்கும். இலவசக் கணக்கில் தேடினால்கூட எத்தனை முடிவுகள் என்று காட்டும். விவரத்தைத் திறக்கத்தான் சந்தா. அந்தத் தொகுப்பு எந்தச் சந்தாப் படியில் அடங்கும் என்பதைக் கட்டும் முன்பே சரிபார்த்துக்கொள்வது அவசியம். மலிவான படியை வாங்கிவிட்டு, வேண்டிய பக்கம் பூட்டியிருப்பதைப் பார்ப்பதில் பயனில்லை.

திருமணப் பதிவின் படம் திரையில் விரிந்தபோதுதான் அட்டவணைக்கும் மூலத்துக்கும் உள்ள தூரம் புரிந்தது. மணமகன் வயது, முன்பு மணமாகாதவர் என்ற குறிப்பு, தொழில் என்ற கட்டத்தில் ஃபிட்டர், வசிப்பிடம் பெரம்பூர், தேவாலயத்தில் ஓலை கூறி அறிவித்து நடந்த திருமணமா லைசென்ஸ் பெற்று நடந்ததா என்ற விவரம், அடுத்து இருவருடைய தந்தையரின் பெயர்கள். திருமண அட்டவணை வரியில் இல்லாத இந்தத் தந்தை பெயர்தான் ஒரு தலைமுறை மேலே ஏறுவதற்கான படி. கீழே சாட்சிகள் இருவர். அதில் ஒருவர் மணமகளின் அண்ணன் என்று பிறகு தெரிந்தது. கையெழுத்துகள் எல்லாமே ஒரே ஆளின் கையெழுத்து போல இருந்தன. லண்டனுக்கு அனுப்ப எழுத்தர் பிரதி எடுத்த தாள் என்பதால் அப்படித்தான் இருக்கும். பிரதி எடுத்தபோது நேர்ந்த பிழையும் அப்படியே லண்டனுக்குப் போயிருக்கும். ஒரு தேதியோ பெயரோ உறுத்தினால் ஊரில் உள்ள தேவாலயத்தின் மூலப் பதிவேட்டைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

தேடும்போது பெயரின் எழுத்துக்கூட்டலில்தான் பொறுமை தேவை. டி என்ற எழுத்தில் தொடங்கும் போர்த்துகீசிய வழிப் பெயர்கள் ஒரு பதிவில் ஒட்டியும், இன்னொன்றில் இடைவெளி விட்டும், மற்றொன்றில் மேற்குறியோடும் இருக்கும். நட்சத்திரக் குறியைப் பெயரின் நடுவில் போட்டுத் தேடினால் மூன்றும் ஒன்றாக வந்துவிடும். குடும்பப் பெயரை அடியோடு விட்டுவிட்டு, தகப்பன் தாய் இருவரின் முதற்பெயர்களோடு ஊரைப் போட்டுத் தேடுவது இன்னும் நல்ல வழி. ஒரே தம்பதிக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வருவார்கள். சிறு வயதிலேயே இறந்து, குடும்பத்தில் யாரும் பெயர் சொல்லிக் கேட்டிராத ஒரு பெண் குழந்தை அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தாள்.

ஆன்செஸ்ட்ரி இந்தக் குடும்பத்துக்கு இரண்டாம் கட்டத்தில்தான் உதவியது. கடல் கடந்த பிறகான கதைக்கு அது வலுவான தளம். பிரிட்டனுக்கு வந்திறங்கிய கப்பல் பயணிகளின் பட்டியல் 1878 முதல் 1960 வரை அதில் இருக்கிறது. கப்பலின் பெயர், ஏறிய துறைமுகம், வயது, தொழில், பிரிட்டனில் தங்கப்போகும் முகவரி என்று ஒவ்வொரு வரியும் ஒரு தடயம். இங்கிலாந்திலோ கனடாவிலோ இருக்கும் வாசகர்கள் சந்தா கட்டும் முன் உள்ளூர்ப் பொது நூலகத்தைக் கேளுங்கள். இந்தத் தளத்தின் நூலகப் பதிப்பைப் பல நூலகங்கள் உறுப்பினர்களுக்கு இலவசமாகவே தருகின்றன. ஆஸ்திரேலியாவில் இறங்கியவர்களைத் தேட அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம் போதும், அதற்குக் கட்டணம் இல்லை.

ஆன்செஸ்ட்ரியில் இலைக் குறியோடு வரும் குறிப்புகள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அவற்றில் சில அசல் பதிவைக் காட்டும். சில, வேறொருவர் போட்டுவைத்த கொடிவழியைக் காட்டும். அவர் இன்னொருவரிடமிருந்து எடுத்திருப்பார். பதிவேட்டுப் படம் இல்லாத எந்த உறவையும் நான் எங்கள் கொடிவழியில் சேர்க்கவில்லை. அப்படி ஒதுக்கியதில் கவர்ச்சியான ஒரு ராணுவ அதிகாரியும் போய்விட்டார். போகட்டும்.

இஸ்ரேலில் 2003-இல் தொடங்கிய மைஹெரிடேஜ், ஐரோப்பிய வேர் உள்ளவர்களுக்குப் பொருத்தமானது. எங்கள் தேடலுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. அதன் புகைப்படச் சீரமைப்புக் கருவியைத்தான் பலரும் புகழ்கிறார்கள். மங்கிய படத்தில் முகம் பளிச்சென்று வருவது உண்மை. ஆனால் அந்தக் கண்ணும் புருவமும் மென்பொருள் ஊகித்து வரைந்தவை. பாட்டியின் முகம் என்று அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டியது ஸ்கேன் செய்த அசல் படத்தைத்தான். சீரமைத்ததைத் தனிக் கோப்பாக, அப்படிக் குறிப்பிட்டே வையுங்கள்.

இனி, கிறிஸ்தவரோ ஆங்கிலோ இந்தியரோ அல்லாத தமிழ்க் குடும்பங்களைப் பற்றி. இங்கே நேராகச் சொல்லிவிட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பல தலைமுறையாக இருந்த ஒரு விவசாயக் குடும்பத்துக்காக இந்த மூன்று தளங்களில் எதற்கும் பணம் கட்டாதீர்கள். இந்தத் தளங்கள் பெரிதாக விளம்பரம் செய்யும் இங்கிலாந்தின் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூறாண்டு கழித்து, 2022-இல் திறக்கப்பட்டது. அதற்கடுத்த 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீயில் அழிந்தது, போரால் 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அதனால்தான் 1921-ஐ வைத்து அத்தனை விளம்பரம். இந்தியக் கணக்கெடுப்பின் வீடுவாரித் தாள்கள் அப்படித் திறக்கப்படுவதில்லை. நம் கிராமத்துக் குடும்பத்தின் சுவடு பாகப்பிரிவினைப் பத்திரத்திலும், பழைய செட்டில்மென்ட் பதிவேட்டிலும், வில்லங்கச் சான்றிலும், பள்ளிச் சேர்க்கைப் பதிவிலும்தான் இருக்கும். இதற்கெல்லாம் போக வேண்டிய இடங்கள் சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா அலுவலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

கடல் கடந்து கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்களுக்கு நிலைமை வேறு, ஆனால் அங்கும் கட்டணத் தளம் முதல் வழியல்ல. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள், அவர்களில் பெரும்பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. முதல் கப்பல் ட்ரூரோ, 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் வரை பட்டியலில் ஏறியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இன்று தேடும் ஒருவருக்குத் தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயரைத் தரக்கூடிய ஒரே தாள் பல நேரம் அதுதான். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அந்தக் கப்பல் பட்டியல்களைத் தேடும்படி தொகுத்திருக்கிறது. மொரீஷியஸ்காரர்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தை நாடலாம். கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறையில் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு வரி கிடைப்பது அரிது. அது பெரிய இழப்பு. பாண்டிச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள பிரெஞ்சுக் கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தின் தளத்தைத் திறக்கட்டும். பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் பக்கங்கள் அங்கே இலவசமாகப் படமாகவே கிடைக்கின்றன.

சந்தாவோடு சேர்த்து மரபணுச் சோதனைப் பெட்டியையும் தளங்கள் விற்கும். தமிழர்கள் இதில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அத்தை மகள், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்த குடும்பங்களில், தூரத்து உறவினருக்கும் நமக்கும் பொதுவான மரபணுப் பகுதி வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். மென்பொருளோ அவரை நெருங்கிய உறவு என்று காட்டிவிடும். நம்மவர்கள் குறைவாகச் சோதித்துக்கொள்வதால் பொருத்தங்களும் குறைவு. பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. மைஹெரிடேஜின் 9 கோடிக்கும் அதிகமான கணக்குகளின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்தது 2018-இல் தெரியவந்தது. 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் 2023-இல் வெளியே போயின. அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. கசிந்த கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது. அது அண்ணன் தம்பி, பிள்ளைகளுடையதும்கூட. அவர்களைக் கேட்காமல் அனுப்புவது சரியல்ல என்று நினைக்கிறேன்.

பணம் கட்டும் நாளன்றே செய்ய வேண்டிய வேலை, தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்துவது. நிறுத்திய பிறகும் கட்டிய காலம் முடியும்வரை தளம் திறந்திருக்கும். இலவசச் சோதனைக் காலத்துக்கும் கார்டு எண் கேட்பார்கள், ஆகவே அதற்கும் இதே முறை. சந்தா முடிந்தால் ஆன்செஸ்ட்ரியில் நீங்கள் போட்ட கொடிவழி அப்படியே இருக்கும், ஆனால் அதில் இணைத்த பதிவுப் படங்களைத் திறக்க முடியாது. கொடிவழியை ஜெட்காம் என்ற பொது வடிவக் கோப்பாக இறக்கினாலும் பெயர், தேதி, உறவு போன்ற எழுத்துத் தகவல்கள்தான் வரும், படங்கள் வராது. எனவே ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்த உடனே உங்கள் கணினியில் இறக்கி, ஆண்டு, பெயர், நிகழ்ச்சி, தொகுப்பின் குறிப்பு எண் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியைப் பொதுவில் தெரியும் கொடிவழியில் போடாதீர்கள். ஃபேமிலிசர்ச்சில் இறந்தவர்களுக்கான கொடிவழி உலகத்துக்கே பொதுவானது. நீங்கள் எழுதியதை யாரும் திருத்தலாம். அதனால் நண்பருடைய குடும்பக் கொடிவழியின் மூலப் பிரதியை அவருடைய கணினியிலேயே வைத்தோம், நகல் ஒன்று ஆஸ்திரேலியாவில் உள்ள உறவினரிடம் இருக்கிறது.