வினைமுதல் யார்? ‘பொன்னகரம்’ சிறுகதைவழி வினைவகைகளையும் இலக்கியக் கலைச்சொற்களையும் கற்பித்தல்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் வகுப்பறையில் இலக்கணமும் இலக்கியமும் தனித்தனிப் பாடவேளைகளில் கற்பிக்கப்படுகின்றன. வினைவகைகள் தனித் தொடர்களைக் கொண்டும், இலக்கியக் கலைச்சொற்கள் வரையறைகளைக் கொண்டும் விளக்கப்படுகின்றன. ஒரு சிறுகதையின் வினைகளை ஆராய்ந்தால் இவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்குவதைக் காணலாம். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையை எடுத்துக்கொண்டு, தொல்காப்பியமும் நன்னூலும் வினைக்குக் கூறும் இலக்கணம் அக்கதையின் அறச்சிக்கலைத் திறக்கும் கருவியாவதை இக்கட்டுரை காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வினைமுதல், தெரிநிலை, குறிப்பு, செயப்பாட்டுவினை, நோக்குநிலை, முரண்நகை, அங்கதம்.

முன்னுரை

தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினை ஆகியவற்றை மாணவர் பள்ளியிலேயே கற்றுவிடுகின்றனர். ‘முருகன் பாடம் படித்தான்’, ‘பாடம் முருகனால் படிக்கப்பட்டது’ என ஒன்றை மற்றொன்றாக மாற்றவும் அறிவர். ஆனால் ஒருவர் ஏன் முன்னதை விடுத்துப் பின்னதைச் சொல்ல வேண்டும் என்ற வினா அங்கே எழுவதில்லை. முருகன் படித்தாலும் பாடம் படிக்கப்பட்டாலும் எவருக்கும் இழப்பு இல்லை. இழப்பு இல்லாத இடத்தில் வினைவகை வெறும் வாய்பாடாக நின்றுவிடுகிறது.

இலக்கியக் கலைச்சொற்களின் நிலையும் இத்தகையதே. கதைக்கரு, பாத்திரம், களம், நோக்குநிலை, முரண்நகை ஆகியவற்றுக்கு வரையறை எழுதும் மாணவர், கதையின் எந்தச் சொல்லில் அவை தொழிற்படுகின்றன என்று கேட்டால் திகைக்கின்றனர். வரையறை அறிந்தும் பனுவலைத் தொட இயலாத இந்நிலைக்குக் காரணம், கதையை மொழியிலிருந்து பிரித்துக் கற்பிப்பதே ஆகும். வினைவகை மாறினால் யாரோ ஒருவர்மீது பழி ஏறவும் இறங்கவும் செய்யும் கதை ஒன்று வகுப்பறைக்கு வேண்டும். ‘பொன்னகரம்’ அத்தகைய கதை. இளநிலைப் பட்ட வகுப்பு மாணவரை மனத்திற்கொண்டே இங்கு இது எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கதை

‘பொன்னகரம்’ 1934இல் மணிக்கொடி இதழில் வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட கதை. நகரத்தின் பின்புறத்தில் வறியோர் வாழும் சந்துகளைக் கதைசொல்லி வாசகருக்குச் சுற்றிக் காட்டுகிறார். அங்கே வாழ்பவள் அம்மாளு, ஆலைக் கூலி. கணவன் முருகேசன் குதிரைவண்டி ஓட்டுபவன். விபத்தில் அடிபட்டுப் படுத்துவிட்ட அவனுக்குப் பால்கஞ்சிமேல் ஆசை. கையில் காசில்லை, கூலி நாளும் வரவில்லை. இரவில் தண்ணீர் எடுக்கச் சென்றவள், தன்மீது நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவனோடு இருளில் மறைகிறாள். அவளுக்கு முக்கால் ரூபாய் கிடைக்கிறது. கற்பைப் பற்றிப் பேசுவோரை நோக்கிக் கதைசொல்லி ஓரிரு தொடர்களைக் கூற, கதை முடிந்துவிடுகிறது.

வினை தருவனவும் கதைக்கூறுகளும்

நன்னூல் வினையியலின் முதல் நூற்பா, ஒரு வினை ஆறு செய்திகளைத் தரும் என்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்பன அவை. ‘வனைந்தான்’ என்ற ஒரு சொல்லிலிருந்து குயவனையும் மண், சக்கரம் முதலியவற்றையும் வனையும் இடத்தையும் தொழிலையும் காலத்தையும் குடத்தையும் பெறுவது உரைமரபு.

இந்த ஆறும் ஒரு கதையின் கூறுகளாகவும் அமைவதை மாணவருக்கு எளிதில் காட்டலாம். செய்பவன் பாத்திரம், நிலம் களம், செயல் நிகழ்ச்சி. காலம் கதைக்காலத்தையும் கருவியும் செய்பொருளும் கதைப்பொருள்களையும் உணர்த்தும். ஒரு வினைமுற்றில் செறிந்து கிடப்பதையே சிறுகதை விரிக்கிறது எனலாம்.

கதையின் முடிவில் அம்மாளு பணம் ஈட்டியதைக் கதைசொல்லி ‘சம்பாதித்தல்’ என்னும் வினையால் குறிக்கிறார். இவ்வினையைக் கொண்டு ஆறினையும் கேட்கலாம். செய்பவள் அம்மாளு. செயல் சம்பாதித்தல். செய்பொருள் முக்கால் ரூபாய். நிலம் சந்து. காலம் இரவு. இனி எஞ்சுவது கருவி. எதைக் கொண்டு அவள் சம்பாதித்தாள்? இவ்வினாவுக்கு விடை அறியாத மாணவர் இரார். ஆயினும் எளிதில் வாய் திறந்து சொல்ல மாட்டார். கதையும் அதைச் சொல்லவில்லை. இருளில் மறைதலுக்கு ஒரு வினை உண்டு. சம்பாதித்தலுக்கு ஒரு வினை உண்டு. இரண்டுக்கும் இடையே நிகழ்ந்ததற்கு வினையே இல்லை. சொல்லாமல் விடுதல் என்னும் கதை உத்தியை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

சம்பாதித்தல் செயப்படுபொருள் குன்றா வினை என்பதும் இங்குக் கருதத் தக்கது. உழைத்துக் கூலி பெறுவோர்க்கு நாள்தோறும் வழங்கும் சொல் அது. ஆலையில் பெறும் கூலிக்கும் இருளில் பெற்ற காசுக்கும் ஒரே வினை பொருந்தும்படி வைத்திருப்பதில்தான் கதையின் முரண்நகை கூர்மை பெறுகிறது.

தெரிநிலையும் குறிப்பும்

வினைவகைகளுள் மாணவருக்கு மிகவும் வறண்டதாகத் தோன்றுவது தெரிநிலை, குறிப்பு என்னும் பாகுபாடு. காலத்தை வெளிப்படையாகக் காட்டுவது தெரிநிலை. காட்டாதது குறிப்பு என்ற அளவில் பாடம் முடிந்துவிடும். நன்னூலின் அடுத்த நூற்பா இன்னும் கூர்மையான வேறுபாட்டைத் தருகிறது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் ஆகியவற்றின் அடியாகப் பிறக்கும் குறிப்புவினை, முற்கூறிய ஆறனுள் வினைமுதலை மட்டுமே விளக்கும் என்பது அதன் கருத்து.

இவ்விலக்கணத்தை அம்மாளுவிடம் பொருத்திப் பார்க்கலாம். ‘அவள் தீயள்’, ‘அவள் கற்பிலள்’ என்று ஊர் சொல்லுமானால் அவை குறிப்பு வினைமுற்றுகள். அவற்றில் செய்தவள் இருக்கிறாள். நிலம் இல்லை, காலம் இல்லை, செய்பொருள் இல்லை. சந்தும் இரவும் முக்கால் ரூபாயும் அச்சொல்லில் இடம்பெறுவதில்லை. ஒருத்தியின் ஓர் இரவுச் செயல் அவளது நிலையான குணமாக மாறிவிடுகிறது. ‘நல்லள்’, ‘கற்பினள்’ என்னும் புகழுரைகளும் இவ்வகையினவே. பழியும் புகழும் பெரும்பாலும் குறிப்புவினையாக அமைவது தற்செயலன்று. தீர்ப்புக்கு ஆள் மட்டும் போதும், சூழல் வேண்டியதில்லை.

கதையோ தெரிநிலையால் இயங்குகிறது. கேட்டான், சென்றாள், மறைந்தாள், சம்பாதித்தாள் என நாம் அதைச் சுருக்கிச் சொன்னாலும் ஒவ்வொரு வினையும் தன் காலத்தையும் களத்தையும் உடன் கொண்டு வருகிறது. ‘கற்பிலள்’ என்ற தீர்ப்பு நீக்கிய ஐந்தையும் கதை மீட்டுத் தருகிறது. கதையின் பணி தீர்ப்பினின்று வேறுபடும் இடம் இதுவே. மாணவர் இதனை உணர்ந்தால் தெரிநிலை, குறிப்பு என்னும் பாகுபாடு அவர்களுக்கு மறக்காது.

ஒரு நிகழ்ச்சி, நான்கு தொடர்கள்

அடுத்து, கதையின் மையநிகழ்ச்சியைப் பல்வேறு தொடர்களாக எழுதச் செய்யலாம். பின்வரும் நான்கும் கதையிலுள்ளவை அல்ல, பயிற்சிக்காக அமைத்தவை.

1. அம்மாளு இருளுக்குள் சென்றாள்.
2. வறுமை அம்மாளுவை இருளுக்குள் செலுத்தியது.
3. அம்மாளு இருளுக்குள் தள்ளப்பட்டாள்.
4. அம்மாளுவின் கற்பு அழிந்தது.

முதலாவது தன்வினை. செயல் அவளுடையது; பொறுப்பும் அவளுடையதே. இரண்டாவது பிறவினை. எழுவாய் மாறியதும் பழி வறுமைமீது செல்கிறது. ஆனால் வறுமை பண்புப்பெயர், அதைக் கூண்டில் நிறுத்த இயலாது. மூன்றாவது செயப்பாட்டுவினை. தள்ளியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆயினும் ‘ஆல்’ உருபேற்ற பெயர் தொடரில் இல்லை. இரக்கம் காட்டுவதுபோல் தோன்றும் இத்தொடர், செய்தவரைத் தப்பவிடுகிறது. நான்காவதிலும் வினை தன்வினையே. ஆனால் எழுவாய் கற்பு. அம்மாளு ஆறாம் வேற்றுமைக்குள் ஒதுங்கிவிட்டாள்; அவளோடு கண் வைத்தவனும் மறைந்துவிட்டான். சுவர் இடிந்தது, பயிர் அழிந்தது என்பதுபோல், கற்பும் தானே அழிந்த ஒரு பொருளாகிவிடுகிறது.

இந்நான்கையும் கரும்பலகையில் எழுதிய பின் கதையைத் திரும்பப் படிக்கச் செய்தல் வேண்டும். கதைசொல்லி அம்மாளுவைச் செயப்பாட்டுவினையால் பாதுகாக்கவில்லை. சம்பாதித்தவளாக, எழுவாயாகவே நிறுத்துகிறார். அவளை வறுமையின் வெறும் பாவையாகவும் ஆக்கவில்லை; குற்றவாளியாகவும் ஆக்கவில்லை. நோக்குநிலை என்னும் கலைச்சொல்லின் பொருள் இங்கே விளங்கும். கதை படர்க்கையில் சொல்லப்படுகிறது என்று குறிப்பதோடு அது முடிவதில்லை. யாரை எழுவாயாக்குவது, யாரை உருபுக்குள் மறைப்பது, யாருக்குப் பெயரே தராமல் விடுவது என்னும் தேர்வுகளின் தொகுதியே அது. இக்கதையில் அந்த ஆணுக்குப் பெயர் இல்லை. ‘கண் வைத்திருந்தவன்’ என்பதுபோன்ற வினையாலணையும் பெயரால் சுட்டுமளவுக்கே அவன் இருக்கிறான்.

இன்னதற்கு, இது பயன்

நன்னூல் ஆறு என்றவிடத்துத் தொல்காப்பியம் எட்டு என்கிறது. வேற்றுமை மயங்கியல் தொழிலுக்குரிய முதனிலைகளாக வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி ஆகியவற்றோடு ‘இன்னதற்கு’, ‘இது பயன்’ என்னும் இரண்டையும் சேர்த்து எண்ணுகிறது. யாருக்காக, எந்தப் பயன் கருதி என்பன அவ்விரண்டும்.

‘பொன்னகரம்’ கதையின் முழுச் சுமையும் இவ்விரண்டின்மேல்தான் நிற்கிறது. நன்னூலின் ஆறோடு நின்றால் கிடைப்பது ஒரு காவல்நிலையக் குறிப்பு: ஒருத்தி, ஓரிரவு, ஒரு சந்து, முக்கால் ரூபாய். இன்னதற்கு எனக் கேட்டால் முருகேசன் வருகிறான். பயன் எனக் கேட்டால் பால்கஞ்சி வருகிறது. கணவனுக்காக எதையும் செய்பவளே கற்புடையாள் என்று போற்றிய மரபு, இந்தச் செயலை எப்படி மதிப்பிடும்? அவள் கற்பை இழந்தது கணவனைப் பேணும் கடமையின் பொருட்டு. கற்பு என்னும் கருத்தின் இரு கூறுகளைக் கதை ஒன்றோடொன்று மோதவிடுகிறது. முரண் என்னும் கலைச்சொல்லுக்கு எதிர்ச்சொற்களின் பட்டியலைத் தராமல் இம்மோதலைக் காட்டுவதே தக்கது.

எட்டும் எல்லா வினைகளிலும் வந்தே தீர வேண்டியதில்லை; வழக்கில் குறைவன குறையும் என்றும் தொல்காப்பியம் உடனே கூறுகிறது. குறைந்தது எது, ஏன் குறைந்தது என வினவுவதே இலக்கியத் திறனாய்வின் தொடக்கம் எனலாம்.

அங்கதமும் வினையில்லா முடிவும்

அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது எனத் தொல்காப்பியச் செய்யுளியல் இருவகைப்படுத்துகிறது. கதையின் தலைப்பு பழியைக் கரந்து நிற்கிறது. பொன்னுலகை நினைவூட்டும் பெயர் சாக்கடைச் சந்துக்கு இடப்பட்டிருக்கிறது. இறுதியிலோ கதைசொல்லி வாசகரை முன்னிலைப்படுத்தி வெளிப்படையாகவே சாடுகிறார். அதுவரை படர்க்கையிலுள்ள அம்மாளுவைப் பார்த்துக்கொண்டிருந்த வாசகர், திடீரெனத் தாமே வினைமுதலாகிறார். கற்பைப் பற்றிப் பேசும் தொழில் அவருடையது. அதற்குப்பின் வரும் முடிவுத் தொடர், இதுதான் அந்த நகரம் என்று சுட்டும் பெயர்ப்பயனிலைத் தொடர். அதில் வினை இல்லை. எனவே செய்தவரும் இல்லை. இத்தனை வினைகளுக்குப் பின் வினையின்றி முடியும் கதை, வினைமுதலைத் தேடும் பொறுப்பை வாசகரிடம் விட்டுச் செல்கிறது.

முறையின் எல்லை

கதையை இலக்கண எடுத்துக்காட்டுகளின் சுரங்கமாக்குவது தகுமா என்ற மறுப்பு எழலாம். ‘வினையெச்சங்களைக் கோடிடுக’ என்னும் வகைப் பயிற்சிக்கு அம்மறுப்பு பொருந்தும். அங்கே கதை வேறொன்றாக இருந்தாலும் பயிற்சி மாறாது. இங்குக் கூறப்பட்ட முறை கதையின் பொருளிலிருந்து வினாவை எழுப்பி இலக்கணத்திற்குச் செல்கிறது. எனவே முதல் வாசிப்பு எவ்விதக் குறுக்கீடுமின்றி அமைய வேண்டும். கலைச்சொற்கள் அதற்குப் பின்னரே வர வேண்டும். அன்றியும் எல்லாக் கலைச்சொற்களுக்கும் மரபிலக்கணத்தில் வேர் தேடுதல் வீண்முயற்சி. நோக்குநிலை தற்காலத் திறனாய்வு தந்த சொல்; இலக்கணம் அதனை விளக்க உதவுமேயன்றி அதற்கு ஈடாகாது.

முடிவுரை

வினைவகையைத் தேர்தல் ஒருவரைப் பற்றிய முடிவைத் தேர்தலாகும். செய்தித்தாளிலும் வழக்குமன்றத்திலும் தெருவிலும் ‘நேர்ந்தது’, ‘கெட்டது’, ‘தள்ளப்பட்டாள்’ என்னும் சொற்களை மாணவர் நாளும் கேட்கின்றனர். அங்கெல்லாம் செய்தவர் யார், யாருக்காக, எந்தப் பயன் கருதி எனக் கேட்கும் பழக்கத்தை ஒரு சிறுகதை உண்டாக்குமானால், இலக்கணப் பாடம் தன் பயனை அடைந்ததாகும். ‘கற்பிலள்’ என்ற ஒரு குறிப்புவினை மறைத்ததை வெளிக்கொணரப் புதுமைப்பித்தனுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. அம்மறைப்பைக் காணும் கண்ணை மாணவருக்குத் தருவது ஆசிரியரின் கடமை.