பகிடியும் பதிலடியும்

1823இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி நிறுவிய வட்டுக்கோட்டைக்குத் தமிழ்க் கல்வி வரலாற்றிலே தனியிடம் உண்டு. ஆயின், அவ்வூர்ச் சந்தையிலும் வயல்வரம்பிலும் வழங்கும் பகிடிப் பேச்சு ஆய்வுப் பொருளாக எளிதில் மதிக்கப்படுவதில்லை. 1960களில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் பேச்சுமொழியைக் கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை ‘இழிசனர் வழக்கு’ எனப் பழித்தனர். ‘உவருக்கு எல்லாம் தெரியுமாம்’ என்ற நக்கலில் வருவதோ தொல்காப்பியம் கூறும் உகரச் சுட்டு. எழுத்துத் தமிழில் அருகிய இலக்கணம் பழிக்கப்பட்ட வழக்கிலேயே உயிர்வாழ்கிறது.

எனினும் பகிடி அனைத்தும் எதிர்ப்பன்று. ‘பேய்க்கதை கதையாதை’ என்று கமக்காரன் கூலியாளின் வாயை அடைத்த காலத்தில், கூலியாள் அதனை அப்படியே திருப்பிக் கூற முடியவில்லை. ‘நயினார் சொன்னாச் சரிதான்’ என்ற பணிவுக்குள்ளேயே பதிலடியை ஒளித்தான். ஆகவே, யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதே திறனாய்வின் முதல் வினாவாதல் வேண்டும்.