எட்டடிப் பலகையில் ஒரு மீட்டர் கேஜ் யார்டு

"ரயில் எங்கப்பா திரும்பும்?" என்று கேட்டாள் மகள். ஹால் தரையில் பழைய அட்டைப்பெட்டிகளை 30 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பாது என்றேன். "அப்புறம் எங்க போகும்?" எங்கேயும் போகாது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், அவ்வளவுதான். அவள் எழுந்து போய்விட்டாள்.

பொம்மை ரயில் என்றாலே நமக்கு வட்டம்தான் ஞாபகம். வட்டத்தில் ஓடும் ரயிலைப் பத்து நிமிடம் பார்க்கலாம், பதினோராவது நிமிடம் போனை எடுத்துவிடுவோம். சேலையூரில் வளர்ந்த எனக்கு ரயில் என்றால் ஓட்டம் அல்ல, ஷண்டிங். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் தாம்பரம் நடைமேம்பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கீழே ஒரு எஞ்சின் நாலு வண்டியை இழுக்கும், நிற்கும், பாதை பிரியும் பாயிண்ட் மாறும், பின்னுக்குத் தள்ளும், 'டங்'. கொடியோடு ஒருவர் குனிந்து நுழைந்து கப்ளிங்கை மாட்டிவிட்டு வெளியே வருவார். அந்த 'டங்' ஒன்றுக்காகவே மேம்பாலத்தில் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். அதை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா என்று இரண்டு மாதம் முட்டிமோதியதன் கணக்குதான் இந்த விமர்சனம். சோதித்துப் பார்த்தவை மூன்று: திட்டம் போடும் மென்பொருள், அட்டைப்பெட்டி, ஒரு பழைய ஜெர்மன் எஞ்சின். மூன்றில் எது ஜெயித்தது என்று போகப்போகத் தெரியும்.

முதலில் அளவு. மாடல் ரயில்காரர்கள் பெரும்பாலும் புழங்குவது ஹெச்ஓ. நிஜத்தில் 87ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். சின்ன வீட்டுக்குச் சின்ன ரயில் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஷண்டிங்குக்கு அது சரிவராது என்பது என் கட்சி. ஹெச்ஓ வேகன் இலேசானது; மோதினால் ஓசையே வராது. நாற்பது தாண்டிய கண்ணுக்கு அதன் கப்ளிங்கும் தெரியாது. ஐந்து வேகனை வைத்து விளையாடப் போகிறோம் என்றால் அந்த ஐந்தும் கையில் எடுத்தால் கனக்க வேண்டாமா?

அடுத்த படி ஓ கேஜ். தண்டவாளம் 32 மி.மீ.; பிரிட்டனில் 43.5ல் ஒரு பங்கு, அமெரிக்காவில் 48ல் ஒன்று. நல்ல கனம், நல்ல ஓசை. இங்கேதான் நம் ஊர்க்காரனுக்கு ஒரு வில்லங்கம். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ. அதை 43.5ஆல் வகுத்தால் 38.5 மி.மீ. கடையில் கிடைக்கும் 32 மி.மீ. தண்டவாளத்தில் நம் எஞ்சினை ஏற்றினால், அகன்ற உடம்பும் ஒட்டிய கால்களுமாக, வேட்டியை மடித்துக் கட்டிய தொப்பைக்காரர் மாதிரி நிற்கும். ஹெச்ஓவிலும் இதே கதைதான்: 19 மி.மீ.க்கு மேல் வேண்டிய இடத்தில் 16.5. இந்திய பிராட் கேஜை எந்த அளவில் செய்தாலும், ஆயத்தத் தண்டவாளத்தில் ஏதாவது ஒரு பொய் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் மேம்பாலத்திலிருந்து நான் பார்த்தது பிராட் கேஜ் அல்லவே. 1931ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில் மீட்டர் கேஜ். அதன் கடைசி வண்டி ஓடி நின்றது 2004ல். தெற்கே விழுப்புரம் வரை போனதும் மீட்டர் கேஜ்தான். மீட்டர் கேஜ் என்றால் பெயரிலேயே அளவு இருக்கிறது, 1000 மி.மீ. 1968ல் ஜெர்மனியின் நூரெம்பர்க்கில் பிறந்த எல்ஜிபி ரயில்களின் தண்டவாள அகலம் 45 மி.மீ., அளவு 22.5ல் ஒன்று. 45ஐ 22.5ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1012.5. பன்னிரண்டு மி.மீ. வித்தியாசத்தை யார் கேட்கப் போகிறார்கள்! நம் வண்டிக்குப் பொருந்தும் தண்டவாளம் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கடையில் இருந்திருக்கிறது, நான்தான் பிராட் கேஜையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். (ஹெச்ஓ அளவிலும் மீட்டர் கேஜுக்கென்று 12 மி.மீ. தண்டவாளம் உண்டு. நேர்மைக்காகச் சொல்லி வைக்கிறேன். 'டங்' அதில் வராது.)

இன்னொரு பொருத்தமும் உண்டு. நம் மீட்டர் கேஜின் உழைப்பாளி டீசலான ஒய்டிஎம்-4, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்துடைய டிஎல் 535 வகை. அதே குடும்பத்து எஞ்சின்கள் அலாஸ்காவின் ஒயிட் பாஸ் பாதையிலும் ஓடின. அவற்றை எல்ஜிபி மாடலாக விற்றிருக்கிறது. முகப்பைக் கொஞ்சம் வெட்டி ஒட்டினால் ஒய்டிஎம்-4 தயார் என்று ஒரு வாரம் கனவு கண்டேன். அது அரை மீட்டருக்கு மேல் நீளம். என் யார்டில் அது நின்றால் வேறெதற்கும் இடமில்லை.

இடம் என்றதும் சுவருக்கு வருவோம். இரண்டு படுக்கையறை பிளாட்டில் எனக்கு ஒதுக்கப்பட்டது பத்தடிச் சுவர். அதன் ஒரு முனையில் தையல் மெஷின், அது நகராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மீதி எட்டடி. பிளைவுட் ஷீட்டும் எட்டுக்கு நாலு அடியில்தான் வருகிறது. நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் எட்டுக்கு இரண்டு. ஆக என் உலகம் 244 சென்டிமீட்டர்.

இந்த மாதிரி குறுகிய பலகைக்கென்றே ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்துக் கொடுத்த புதிர் ஒன்று உண்டு. இங்கிள்நுக் என்பார்கள். இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் தலா மூன்று. எதிர்முனையில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டும் கொள்ளும் ஒரு பாதை, நம் ரயில்வேக்காரர்கள் ஷண்டிங் நெக் என்பது. மொத்தம் எட்டு வேகன். அவற்றில் ஐந்தைக் குலுக்கலில் எடுத்து, வந்த வரிசையிலேயே ரயிலாகக் கோக்க வேண்டும். எட்டில் ஐந்தை வரிசை மாற்றி எடுக்க 6720 வழி. தினம் ஒன்று போட்டாலும் பதினெட்டு வருடத்துக்கு மேல் வரும். நெக் குட்டையாக இருப்பதுதான் இதன் சூட்சுமம். அதை நீட்டிவிட்டால் புதிரே போச்சு. 1972ல் அமெரிக்கர் ஜான் ஆலன் வெளியிட்ட டைம்சேவர் இதைவிடப் புகழ்பெற்றது, ஐந்து பாயிண்ட் கொண்டது. ஆனால் அது யார்டு மாதிரி இருக்காது, விடுகதை மாதிரி இருக்கும். இங்கிள்நுக் வடிவத்தை நம்மூர் கூட்ஸ் ஷெட் எதிலும் கற்பனை செய்துகொள்ளலாம்.

எல்ஜிபி அளவில் ஐந்து-மூன்று-மூன்று எட்டடியில் அடங்காது. சின்ன இரட்டை அச்சு வேகன் ஒன்று சுமார் 30 செ.மீ. ஐந்து வேகனுக்கு ஒன்றரை மீட்டர், பாயிண்ட் இரண்டுக்கு 60 செ.மீ., நெக்குக்கு ஒரு மீட்டருக்கும் மேல். மூன்றே கால் மீட்டரைத் தொடுகிறது. ஓ கேஜில் இதுவே இரண்டு மீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியாயமான ஆள் ஓ கேஜைத்தான் எடுப்பார். நான் மேம்பாலத்து ஆள். வேகனைக் குறைத்தேன். மூன்று-இரண்டு-இரண்டு, மொத்தம் ஐந்து வேகன், மூன்று கோக்க வேண்டும். வழிகள் 6720லிருந்து 60 ஆகச் சுருங்கின. போகட்டும். நெக் 85, பாயிண்ட் இரண்டும் சேர்ந்து 60, சைடிங் 90. கூட்டினால் 235. ஒன்பது செ.மீ. மிச்சம்!

இந்த மிதப்பில்தான் மென்பொருளில் உட்கார்ந்தேன். மூன்றைப் போட்டுப் பார்த்தேன். எனிரெயில் இலவசமாக 50 தண்டவாளத் துண்டுவரை அனுமதிக்கிறது. ஸ்கார்ம் 100 துண்டுவரை. அடித்தளம் முழுக்க ரயில் விடும் ஐரோப்பியருக்கு இது கட்டுப்பாடு, எட்டடிப் பலகைக்காரனுக்கு ராஜவாழ்வு. என் முழுத் திட்டமும் இருபது துண்டைத் தாண்டவில்லை. இரண்டிலும் எல்ஜிபி துண்டுகளின் பட்டியல் தயாராக இருக்கிறது. எடுத்து ஒட்ட வேண்டியதுதான், சரியான கோணத்தில் பிடித்துக்கொள்கிறது. ஸ்கார்மில் முப்பரிமாணக் காட்சி உண்டு. பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் ஒரு ஞாயிறு போயிற்று. புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதையே சொல்வேன். மூன்றாவது எக்ஸ்ட்ராக்கேட், திறமூல மென்பொருள், துண்டுக் கணக்கே கிடையாது. பழகக் கொஞ்சம் முரடு. ஒரு கோடு போடவே முதல் நாள் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். ஆனால் போட்ட திட்டத்திலேயே வண்டிகளை வைத்து ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது. ஷண்டிங் யார்டுக்கு முப்பரிமாணத்தைவிட இதுதான் முக்கியம். மூன்றில் என் கணினியில் இன்றும் இருப்பது இது ஒன்றுதான்.

மூன்றும் ஒரே குரலில் சொன்னது: இடம் இருக்கிறது. அட்டைப்பெட்டிதான் இல்லை என்றது.

திட்டத்தை முழு அளவில் சார்ட் பேப்பரில் வரைந்து தரையில் ஒட்டி, அட்டை வேகன்களைத் தள்ளிப் பார்த்தபோது இரண்டாவது நிமிடமே உரசல். எல்ஜிபியின் சிறிய பாயிண்ட் 30 டிகிரி திரும்பினாலும், அதன் முனையில் இரு பாதைகளின் நடுக்கோடுகள் விலகியிருப்பது 8 செ.மீ.தான். வேகன் அகலமோ சுமார் 12. பாயிண்ட் முடிந்த இடத்திலேயே வேகனை நிறுத்தினால் பக்கத்துப் பாதை வண்டி அதன் தோளில் இடிக்கும். நிஜ யார்டில் இரண்டு பாதைக்கும் நடுவே வெள்ளையடித்த கட்டை ஒன்று புதைந்திருக்குமே, பௌலிங் மார்க், அது இதற்குத்தான். அதைத் தாண்டித்தான் வண்டி நிற்க வேண்டும். மேம்பாலத்திலிருந்து நூறு தடவை பார்த்த கட்டை, திட்டத்தில் மறந்துபோனது! மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தண்டவாளம் அடங்குமா என்று கேட்டேன், அடங்கும் என்றது. பௌலிங் மார்க்குக்கு இன்னும் 15 செ.மீ. விட்டால் 250. முனைகளில் பஃபர் ஸ்டாப் வேறு. பலகை 244.

இதற்கிடையே எஞ்சின் வந்து சேர்ந்தது. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மச்சான், அங்கே ஒரு பழைய பொருள் சந்தையில் வாங்கிய எல்ஜிபி ஸ்டைன்ஸ் எஞ்சினைச் சூட்கேஸில் போட்டு எடுத்துவந்தார். புதிதாக இறக்குமதி செய்யும் யோசனையைச் சுங்கவரி பார்த்துக் கைவிட்டிருந்தேன். பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்ததை 2020ல் 60 ஆக்கி, 2023ல் 70க்குக் கொண்டுபோனார்கள். நிஜ ஸ்டைன்ஸ் ஆஸ்திரியாவின் 760 மி.மீ. குறும்பாதை எஞ்சின். ஆக மீட்டர் கேஜ் நேர்மை பேசிய நான் முதல் எஞ்சினிலேயே சறுக்கினேன். கறுப்புப் பெயிண்டும் தமிழில் ஒரு பெயர்ப்பலகையும் பாவத்தைக் கழுவும் என்று நம்பிக்கை.

கையில் வாங்கியதும் தெரிவது கனம், கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை மிஞ்சும். மின்மாற்றி நம் 230 வோல்ட்டிலேயே வேலை செய்கிறது, ஐரோப்பாவிலும் அதுதானே. அதன் குமிழை மெல்லத் திருப்பினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற மூச்சு விட்டு எண்ணலாம். சக்கரங்களோடு, தண்டவாளத்தில் தேய்ந்துகொண்டே வரும் சறுக்குக் கட்டைகளும் மின்சாரம் எடுப்பதால், பாயிண்டின் நடுவில் திக்கவில்லை. ஷண்டிங்குக்கு வேண்டிய முதல் குணம் இது. வேகமாக ஓடுவதை எவனும் செய்வான். இரண்டாவது குணம் கப்ளிங். கொக்கியும் வளையமும் கொண்ட அதன் கப்ளிங் தள்ளினால் தானாக மாட்டிக்கொள்கிறது, கழற்ற மட்டும் நாம் போக வேண்டும். ஐஸ் குச்சியால் கீழிருந்து கொக்கியை அமுக்கினால் விடுகிறது. பார்வைக்கு அழகில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் குனிந்து கைவிட்டுக் கழற்றும்போது கொடிக்காரர் ஞாபகம் வருகிறதே, அதற்குத் தானியங்கிக் கருவி எதற்கு? வேகன்மீது வேகன் படும்போது வரும் ஓசையைப் பற்றி எழுதப் போவதில்லை. பிளைவுட் மேல் ஒரு தரம் கேளுங்கள்.

பிளைவுட் என்றதும் ஒரு வார்த்தை. எம்டிஎப் பலகை மலிவு, சமதளம், அறுக்க எளிது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊதிப்போகும். 12 மி.மீ. நீர்தாங்கும் பிளைவுட்டுக்கே காசைப் போடுங்கள். எல்ஜிபி தண்டவாளம் பித்தளை. நம் காற்றில் சீக்கிரமே மங்கும், ஆட்டத்துக்கு முன் துணியால் துடைத்தால் போதும். தோட்டத்தில் மழையில் கிடப்பதற்கென்றே செய்த சரக்கு என்பதால் மொட்டை மாடி ஆசையும் வந்தது. குடியிருப்போர் சங்கத்துக்கு வடாம் காயப்போடும் உரிமை பெரிது. கூட்ஸ் ஷெட், ஓட்டுக்கூரை, மண்ணெண்ணெய் விளக்கு மாதிரியான அலங்காரத்துக்குப் பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் இரண்டு வாரம் அலைந்தேன். 22.5ல் ஒன்று என்பது பெரிய அளவு, தீப்பெட்டியும் இட்லித்தட்டு மூடியும்கூட ஏதாவது ஒன்றாகிவிடும். மீட்டர் கேஜ் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட மேட்டுப்பாளையம் போங்கள். ஊட்டி மலை ரயில் இன்றும் அதே 1000 மி.மீ.யில்தான் ஏறுகிறது.

பலகையின் குறையைத் தீர்த்தது ஓரடிப் பலகைத் துண்டு ஒன்று. நெக்கின் முனையில் கீல் வைத்து, ஆட்டத்தின்போது விரித்துத் தையல் மெஷின் மேல் சாய்க்கிறேன். எஞ்சின் அதன்மேல் ஏறி நின்று திரும்பி வருகிறது. எந்த மென்பொருளின் பட்டியலிலும் தையல் மெஷின் இல்லை. மகள் இப்போது சீட்டுக் குலுக்க மட்டும் வருகிறாள், ஐந்து சீட்டில் மூன்றை எடுத்துப் போட்டுவிட்டு நின்று பார்க்கிறாள். போன வாரம், "அந்த மஞ்சள் வேகனை முதல்லயே ரெண்டாவது லைன்ல விட்டிருக்கலாம்" என்றாள். விட்டிருக்கலாம்தான்.

தீபாவளிக்கு ஜாக்கெட் தைக்கும் நாட்களில் மெஷின் கிடைக்காது. அந்த வாரம் முழுக்க எங்கள் யார்டில் லைன் பிளாக்.