அழாத பிள்ளை

கார்லா சிமோன் இயக்கிய ‘கோடை 1993’ என்ற காட்டலான் மொழிப் படம் 2017இல் வந்தது. பார்த்தவர்கள் பலர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “அந்தக் குழந்தைக்கு என்ன அழுத்தம்!” எனக்கு இந்தச் சொல்லோடுதான் சண்டை.

ஆறு வயது ஃப்ரீதாவுக்கு அப்பா முன்பே இல்லை. இப்போது அம்மாவும் இறந்துவிட, பார்சிலோனாவிலிருந்து கிராமத்திலிருக்கும் மாமா வீட்டுக்கு வருகிறாள். அவள் அழவில்லை. ‘நீ ஏன் அழவில்லை’ என்று தொடக்கத்திலேயே ஒரு சிறுவன் கேட்டுவிடுகிறான். துக்கம் என்றால் கண்ணீர், அதிலும் பெண்பிள்ளை என்றால் கட்டாயம் கண்ணீர். (‘சாமிகிட்ட போயிட்டாங்க’ என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளை அழுகிறதா என்று எட்டிப் பார்ப்பது நமக்கும் பழக்கம்தான்.)

அம்மாவைக் கொன்றது எய்ட்ஸ். அந்தச் சொல்லைப் படத்தில் யாரும் உச்சரிப்பதில்லை. ஆனால் விளையாட்டில் ஃப்ரீதாவின் முட்டி சிராய்த்து ரத்தம் வந்ததும் ஒரு பெண் பதறித் தன் மகளைத் தள்ளி நிறுத்துகிறாள். பெரியவர்கள் மறைத்ததை அவர்களுடைய கைகளே சொல்லிவிடுகின்றன.

படத்தின் உயிரான காட்சி ஒரு விளையாட்டு. ஃப்ரீதா முகத்தில் சாயம் பூசி, அம்மாவாகச் சாய்ந்து கிடக்கிறாள். மாமா மகள் அன்னாதான் பிள்ளை. அன்னா விளையாடக் கூப்பிட, உடம்பெல்லாம் வலிக்கிறது, முடியவில்லை என்கிறாள் ‘அம்மா’. பாட்டியின் பிரார்த்தனையில் இறந்தவள் மேலே போன புனிதை. ஊரார் பார்வையில் வெட்கக்கேடு. மகளின் விளையாட்டில் மட்டும்தான் அவள் களைத்துப்போன, அழகான, சாதாரணப் பெண். குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்றவர்கள் இந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கட்டும்.

இதே பிள்ளைதான் அன்னாவைக் காட்டுக்குள் விட்டுவிட்டு வருகிறாள்; அன்னாவின் கை முறிகிறது. சிமோன் தன் கதாநாயகியை இரக்கத்துக்குரியவளாகக் கழுவித் துடைத்துக் காட்டாதது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறு வயதில் தாயை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர்.

ஆனால் இந்தத் துக்கத்தின் அன்றாடச் சுமையைத் தாங்குவது மாமாவின் மனைவி மார்கா. தாத்தாவும் பாட்டியும் வந்து செல்லம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கண்டிக்க வேண்டியவள் அவள், கல்நெஞ்சுக்காரி என்று பெயரெடுப்பவளும் அவளே. கேமரா ஃப்ரீதாவோடேயே இருப்பதால் மார்காவின் அலுப்பு ஒட்டுக்கேட்ட பேச்சாக மட்டுமே நமக்கு வருகிறது. அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

அம்மா எப்படிச் செத்தாள் என்ற கேள்வியைக் கடைசியில் ஃப்ரீதா அந்த மார்காவிடம்தான் கேட்கிறாள். மார்கா மழுப்பாமல் பதில் சொல்கிறாள். பிறகு ஒரு நாள், கட்டிலில் குதித்துச் சிரித்து விளையாடும்போது ஃப்ரீதாவுக்கு அழுகை வருகிறது. ஏன் என்று கேட்டால், தெரியவில்லை என்கிறாள்.